இடது துடுப்பு என்னுடையது

மார்ச் 4

நாத்தனாருக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. 'அன்புள்ள' என்று ஆரம்பிக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். கவனிக்கட்டும் என்றுதான் விட்டேன்.

நேற்று போனில் நாம் போட்ட சத்தத்தில் உன் அண்ணன் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "நான் தொடவே இல்ல அண்ணி, கடைக்காரன்தான் அப்படி அனுப்பியிருக்கான்" என்றாய். "புளுகாதடி" என்றேன். யார் முதலில் போனை வைத்தது என்பதில்கூட உனக்கும் எனக்கும் இரண்டு கதை இருக்கிறது. ஆகவே இனிமேல் போன் கிடையாது. எது சொல்வதானாலும் எழுத்தில் சொல். எழுத்தில் இருந்தால் நாளைக்கு 'நான் எப்போ அப்படிச் சொன்னேன்?' என்று கையை விரிக்க முடியாது.

ஜப்பான் கடைகள் எங்கள் நாட்டுக்கு வீடியோ விளையாட்டுகளை அனுப்புவதில்லை, நீ வேலை பார்க்கும் நாட்டுக்கு அனுப்புகின்றன. நான் இங்கிருந்து ஆர்டர் போடுவேன், உன் வீட்டுக்கு வரும், நீ வாங்கி எனக்குத் திருப்பி அனுப்புவாய். மூன்று வருஷமாக இதுதான் ஏற்பாடு. இதில் 'நடுவில் திறந்து பார்ப்பாய்' என்று எங்கேயாவது இருக்கிறதா?

அதுவும் எதை? 'தபால் படகு' இரண்டாம் பாகம்! பிரிக்கப்படாத பிரதி! ஜப்பானில் ஒரு பழைய பொருள் கடையில் அது கண்ணில் பட ஏழு மாதம் தினமும் தேடினேன். கடைக்காரரே 'உறை பிரிக்கப்படாதது, வலது மூலையில் சிறு கீறல்' என்று படத்தோடு போட்டிருந்தார். கீறலைக்கூட மறைக்காத மனிதர் அவர். நீ என்னடாவென்றால் உறையைப் பிரித்து, விளையாடி, புது பிளாஸ்டிக் சுற்றி, ஹேர் டிரையரால் சூடு காட்டி ஒட்டி அனுப்பியிருக்கிறாய்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது உனக்கு மறந்துபோயிற்றா? லேபில் பொய்ப் பல் செய்கிறேன். ஒரு கடைவாய்ப் பல்லின் ஓரம் தலைமுடி அளவு தூக்கி நின்றாலும் டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த வேலைக்கான பூதக்கண்ணாடியை வைத்துத்தான் உன் கைவேலையைப் பார்த்தேன். இடது மூலையில் இரண்டு குமிழ். பின்பக்கம் உறையின் ஒட்டு கோணல். வலது மூலையில் இருந்த கீறலைக் காணோம். உள்ளே, விளக்கப் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில், ஒரு பிஸ்கட் துகள்.

கடைக்காரர் பிஸ்கட் சாப்பிட்டார் என்று எழுதிவிடாதே.

அண்ணி

*

மார்ச் 15

மகா மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

சரி. பிரித்தேன். விளையாடினேன். பிஸ்கட்டும் நான்தான்.

இப்போது என்ன, தூக்கில் போடப்போகிறீர்களா? விளையாட்டு என்பது விளையாடுவதற்கு. நீங்கள் ஒவ்வொன்றாக வாங்கி ரேக்கில் அடுக்கித் தூசு தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எத்தனை, அறுபத்து மூன்றா? லிஃப்ட்டை வாங்கிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, 'யாரும் ஏறாதீங்க, புதுசு' என்று சொல்வீர்களா? நான் லிஃப்ட் மெக்கானிக். ஓடாத லிஃப்ட்டைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். ஓடாத விளையாட்டைப் பார்த்தாலும் அப்படித்தான்.

எழுத்தில் கேட்டீர்கள் அல்லவா, எழுத்திலேயே என் பங்குக்கும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. நீங்கள் எத்தனை தடவை போன் செய்திருக்கிறீர்கள்? செய்தீர்கள், ஒப்புக்கொள்கிறேன். "பார்சல் வந்துச்சா? அட்டை நசுங்கலையே? எப்போ அனுப்புறே?" இந்த மூன்று கேள்வி, அப்புறம் "சரி வெச்சிடறேன்". சென்ற மழைக்காலத்தில் எனக்கு மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருந்தேன். அந்தக் கட்டுப் போட்ட கையோடு உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தபால் ஆபீஸில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். சுங்கப் படிவத்தை இடது கையால் நிரப்பினேன். நீங்கள் என்ன கேட்டீர்கள் தெரியுமா? "ஏன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு?" என்று கேட்டீர்கள்.

நான் உங்களுக்கு நாத்தனாரா, கூரியர் ஆபீஸா?

ஆகவே நானும் முடிவு செய்துவிட்டேன். இனிமேல் என் முகவரிக்கு எதையும் அனுப்பச் சொல்லாதீர்கள். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் சாப்பிடாத ஆளாகப் பாருங்கள்.

நண்டு

பின்குறிப்பு: பதினோரு வருஷம் கழித்து 'தபால் படகு' மூன்றாம் பாகம் வருகிறதாம். ஜப்பானில் மட்டும்தான். ஒரே தடவைதான் அச்சடிப்பார்களாம். கேள்விப்பட்டீர்களா? உங்களிடம் பேசவில்லை, சும்மா எழுதிப் பார்த்தேன்.

*

மார்ச் 27

நண்டுக்கு,

கேள்விப்பட்டேன். ஏப்ரல் 10 நண்பகலில் முன்பதிவு திறக்கிறார்கள். ஜூனில் வெளியீடு. ஒரு வீட்டுக்கு ஒரு பிரதிதான் தருவார்களாம், பதுக்கி விற்பவர்களின் தொல்லை தாங்காமல். பெட்டிக்குள் மரத்தில் செய்த இரண்டு சின்னத் துடுப்புகள் இருக்கும்.

பயப்படாதே, உன் முகவரியைக் கேட்கமாட்டேன். கூரியர் ஆபீஸுக்கு நான் கொடுத்த தொந்தரவு போதும்.

மணிக்கட்டு விஷயம் எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை. 'சொல்லாமலே கேட்டிருக்க வேண்டும்' என்று நீ சொல்வாய். சொல், அது நியாயம்தான்.

உன் அண்ணன் நம் இருவரின் கடிதத்தையும் படித்துவிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து படகை ஓட்டுனவங்க, இப்போ படகையே உடைக்கிறீங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாக வந்தது.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். எல்லாரும் என்னை உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. பதினாலு வயசு நண்டு ஒன்று வந்து, இரண்டாவது கன்ட்ரோலரை அந்தக் கையில் திணித்து, "அண்ணி, இது ரெண்டு பேர் ஓட்டுற படகு. நான் வலது துடுப்பு, நீங்க இடது. ஒழுங்கா போடுங்க, இல்லேன்னா சுத்தும்" என்றது. அன்றைக்குச் சாயங்காலம் 'தபால் படகு' முதல் பாகத்தில் நான்கு தீவுக்குத் தபால் கொடுத்தோம். எனக்கு அந்த வீட்டில் கை வைக்க இடம் கிடைத்தது.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

அண்ணி

*

ஏப்ரல் 6

அண்ணி,

பிடித்துப் பார்த்தேன். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது நெற்றியில் கட்டிக்கொள்வோமே, அந்த விளக்கின் முன்னால் பிடித்தேன். நன்றாகவே தெரிந்தது. 'நீ எப்படி இருக்கிறாய்?'

இதையா அண்ணி அடித்தீர்கள்!

நன்றாக இருக்கிறேன். மணிக்கட்டு சரியாகிவிட்டது, கனமான ஸ்பேனரை முறுக்கும்போது மட்டும் லேசாக 'நானும் இருக்கேன்' என்று சொல்லும். நான்காவது மாடி வீட்டின் ஜன்னலுக்கு எதிரே ஒரு தண்ணீர்த் தொட்டியும் அதன்மேல் ஒரு புறாக் கூட்டமும். வேலையில் நான்தான் ஒரே பெண். ஆரம்பத்தில், "நீங்களா ரிப்பேர் பண்ணப் போறீங்க?" என்பார்கள். இப்போது லிஃப்ட் நடுவில் நின்றால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் "அந்த ஒல்லிப் பொண்ணை அனுப்புங்க" என்று கத்துகிறார்கள். போன வாரம் ஒரு பாட்டு வாத்தியார் மாட்டிக்கொண்டார். நான் கதவைத் திறக்கும்வரை உள்ளேயே சாதகம் செய்துகொண்டிருந்தார். "இன்னும் பத்து நிமிஷம் கழிச்சு திறந்திருக்கலாம்மா" என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த உறையை ஏன் பிரித்தேன் என்று.

அது ஞாயிற்றுக்கிழமை, மூன்று நாள் லீவின் கடைசி நாள். காலையிலிருந்து மழை. வியாழக்கிழமை சாயங்காலம் வேலைவிட்டு வந்ததிலிருந்து நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. மேஜைமேல் உங்கள் பெட்டி. அந்த ஆரம்பப் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தேன், சத்தியமாக. கேட்டேன். அப்புறம் கை நிற்குமா?

ஆனால் அண்ணி, அது இரண்டு பேர் ஓட்டுகிற படகு. இடது கையில் ஒரு கன்ட்ரோலர், வலது கையில் ஒன்று. தரையில் உட்கார்ந்து இரண்டையும் ஒரே ஆள் போட்டேன். வலது துடுப்பு நன்றாகப் போகிறது. இடது வரவே மாட்டேன் என்கிறது. படகு ஒரே இடத்தில் சுற்றுகிறது. முதல் தீவின் கரையில் அந்தத் தாத்தா கடிதத்துக்காகக் கையாட்டிக்கொண்டே நிற்கிறார். நாற்பது நிமிஷம் கையாட்டினார் பாவம். கடைசிவரை அவருக்குக் கடிதம் போய்ச் சேரவில்லை. பிஸ்கட் தின்றுகொண்டே அழுதேன். துகள் அப்படி விழுந்ததுதான்.

எழுத்தில் கேட்டீர்கள், எழுத்தில் கொடுத்துவிட்டேன். அண்ணனிடம் இந்தப் பக்கத்தை மட்டும் காட்டவேண்டாம்.

உங்களுக்கு வேறு முகவரி கிடைத்ததா? கேட்கவில்லை. சும்மா.

நண்டு

*

ஏப்ரல் 24, எக்ஸ்பிரஸ் தபால்

அன்பு நண்டு,

குடி முழுகிப்போயிற்று. உட்கார்ந்து படி.

முதலில் என் குற்றம். ஏப்ரல் 10 அன்று லேபில் மெழுகு உருகிக்கொண்டிருந்தபோது, ஒரு கையில் கத்தி, மறு கையில் போன் என்று, பன்னிரண்டு அடித்த அதே நிமிஷத்தில் மூன்றாம் பாகத்தை முன்பதிவு செய்தேன். உன்னைக் கேட்காமல், உன் முகவரிக்கு. ஆர்டர் என் பெயரில், பெற்றுக்கொள்பவர் என்ற இடத்தில் உன் பெயர். ஏனென்றால் அது உனக்கு. உன் வாசலுக்கு வரும், உள்ளே 'பிரித்துக்கொள்' என்று ஒரு சீட்டு வைக்கச் சொல்லலாம் என்று திட்டம். உன் மழைக் கடிதம் எனக்குக் கிடைப்பதற்கு ஆறு நாள் முன்னாலேயே போட்டுவிட்டேன், இரக்கப்பட்டுப் போட்டதாக நினைக்காதே.

நேற்று கடையிலிருந்து மெயில் வந்தது. ரொம்ப மரியாதையான மெயில். மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு நான்காவது இடத்தில் தலையில் கல்லைப் போடுகிறார்கள். அதே முகவரிக்கு இரண்டு ஆர்டர் வந்திருக்கிறதாம். ஒன்றில் நான் வாங்கி உனக்கு. இன்னொன்றில் நீ வாங்கி எனக்கு. ஒரே ஆள் இரண்டு பெயரைத் திருப்பித் திருப்பிப் போட்டு ஏமாற்றுவதாகத் தோன்றுகிறதாம். ஆகவே, மிகுந்த வருத்தத்தோடு, இரண்டையும் ரத்து செய்கிறார்களாம்.

நண்டு, இரண்டாவது ஆர்டரை யார் போட்டது?

சும்மா கேட்டேன். தெரியும். மெயிலைப் படித்துவிட்டு லேபில் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரி, "அக்கா, யார் பல்லு உடைஞ்சுது?" என்று ஓடிவந்தாள். அப்புறம் கொஞ்சம் அழுதேன். என்மேல் உனக்குத் தீராத கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயானால் அதே நிமிஷத்தில் அங்கே உட்கார்ந்து எனக்கு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாய்.

இன்னும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உறைக்காக நான் அப்படிக் குதித்தேன் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் மழை ஞாயிறைப் படித்த பிறகுதான் எனக்கே புரிந்தது. நான் இல்லாமல் நீ படகை ஓட்டிவிட்டாய் என்ற பொறாமை. முப்பத்தெட்டு வயசில் எனக்கு இது தேவையா பார். படகு சுற்றிக்கொண்டே இருந்தது என்று நீ எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மூன்று தடவை படித்தேன். மனசு குளிர்ந்துபோயிற்று. நான் நல்லவளே இல்லை.

இப்போது காரியம். மே 10 வரை இரண்டு பிரதிகளை விற்காமல் வைத்திருப்பார்களாம். நாம் இரண்டு பேர், இரண்டு வீடு என்பதற்கு அதற்குள் ஆதாரம் காட்டவேண்டும். உடனே உன் அடையாள அட்டைப் படத்தை அனுப்பலாம் என்று நினைத்தேன், ஆனால் பதுக்குகிறவர்கள் அடையாள அட்டையைக்கூடக் கடன் வாங்குகிறார்கள், அது செல்லாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பதினோரு வருஷம் காத்தோம். இந்த அச்சு போனால் அப்புறம் கிடையாது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீ சொல்.

அண்ணி

*

ஏப்ரல் 28, எக்ஸ்பிரஸ்

என் அருமை அண்ணி,

நான்தான்! நானேதான்! பதினோரு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழியில் நின்றுகொண்டு பன்னிரண்டு மணிக்குப் போட்டேன். உதவியாள் மேலேயிருந்து, "அக்கா, கேபிள் சரியா?" என்று கத்துகிறான். நான் "ஒரு நிமிஷம்டா, ஜப்பான்ல கூட்டமா இருக்கு" என்று கத்துகிறேன்.

உங்கள் கடிதத்தை வேலையிடத்தில் பிரித்துவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தேன். லிஃப்ட் குழியில் சிரித்தால் பதினோரு மாடிக்கும் கேட்கும். ஏழாவது மாடி அம்மா போலீஸுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டாராம்.

ஆதாரமா கேட்கிறார்கள்? இருக்கிறதே!

நம் கடிதங்கள்! உங்களுடையவை என்னிடம், என்னுடையவை உங்களிடம். நான் உங்கள் கடிதங்களைப் படமெடுத்து என் மெயிலிலிருந்து அனுப்புகிறேன். நீங்கள் என்னுடையவற்றை உங்கள் மெயிலிலிருந்து அனுப்புங்கள், தபால் முத்திரையோடு கவரையும் சேர்த்து. உங்கள் கையெழுத்து பல்லை வரிசையாக அடுக்கிய மாதிரி. என்னுடையது கோழி கிளறியது, நீங்களே சொன்னீர்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியவேண்டியதில்லை. எத்தனை ஆச்சரியக்குறி, எத்தனை அடித்தல், எந்த இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது, அதைப் பார்த்தாலே போதும். எந்தப் பதுக்கல்காரியாவது உட்கார்ந்து தன்னைத்தானே இப்படித் திட்டிக்கொண்டிருப்பாளா?

ஒரு சிக்கல். என்ன விஷயம் என்று ஜப்பானிய மொழியில் நான்கு வரியாவது எழுதவேண்டும். எனக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. பதினேழு வருஷமாக விளையாடுகிறவர் நீங்கள், நீங்கள்தான் எழுதவேண்டும்.

போன் செய்யட்டுமா? நேரம் குறைவு. நீங்கள் சரி என்றால்தான் செய்வேன். எழுத்தில்தான் என்று ஒரு சட்டம் இருக்கிறதே.

நண்டு

*

மே 3, எக்ஸ்பிரஸ்

அன்பு நண்டு,

போன் செய்யாதே. நேரம் இருக்கிறது. போனில் நீ சொன்னால் காற்றோடு போய்விடும். காகிதத்தில் சொன்னால் நான் மூன்று தடவை படிக்கலாம்.

அனுப்பிவிட்டேன். உன் மூன்று கடிதங்களையும் உன் அண்ணன்தான் ஆபீஸில் ஸ்கேன் செய்தார். செய்யும்போது எல்லாவற்றையும் படித்துவிட்டார், மழைப் பக்கம் உட்பட. நான் தடுத்தேன், முடியவில்லை. வீட்டுக்கு வந்து பையை வைத்தார். பிறகு, "அவ வியாழக்கிழமைலேர்ந்து யார்கிட்டயும் பேசலையாமே" என்றார். அப்புறம், "அது சரி, இத்தனை பக்கத்துல என்னைப் பத்தி மொத்தம் நாலு வரிதான் இருக்கு, அதுல ஒண்ணு நான் பால்கனிக்கு ஓடினது" என்று குறைப்பட்டார். இதோ, இந்தக் கடிதத்தில் அவருக்கு ஒரு பத்தி கொடுத்தாயிற்று.

ஜப்பானிய மொழி விஷயம். நண்டு, பதினேழு வருஷத்தில் நான் கற்றதெல்லாம் விளையாட்டில் வரும் சொற்கள்தான். எதிரி, விஷம், பெட்டி, தாக்குதல், தப்பி ஓடு. 'நாத்தனார்' என்பதற்குச் சொல் தெரியாது. 'நியாயம்' தெரியாது. அகராதியை வைத்து எழுதினால் என் கை என்று தெரியாமல் போய்விடுமே என்று, தெரிந்ததை வைத்தே எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"எதிரி தோன்றினாள். எதிரி பெட்டியைத் திறந்தாள். எனக்கு விஷம் ஏறியது. நான் கடிதத்தால் தாக்கினேன். எதிரி கடிதத்தால் தாக்கினாள். எதிரி உண்மையைச் சொன்னாள். விஷம் நீங்கியது. எதிரி தோழியாகக் குழுவில் சேர்ந்தாள். குழுவில் இப்போது இரண்டு பேர். பயணத்தைத் தொடரலாமா? ஆம். இல்லை."

அனுப்பிய பிறகு வெட்கமாக இருந்தது. ஒரு பெரிய மனுஷி எழுதுகிற கடிதமா இது.

இனி உனக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. 'நாத்தனாரா, கூரியர் ஆபீஸா' என்று கேட்டாயே. ரேக்கில் அறுபத்து மூன்று விளையாட்டு என்று கிண்டல் செய்தாய். போய் எண்ணிப் பார்த்தேன். நீ ஊருக்குப் போவதற்கு முன் வாங்கியவை இருபது. மிச்சம் நாற்பத்து மூன்றும் இந்த மூன்று வருஷத்தில் வாங்கியவை. அதில் மீன்பிடிப் போட்டி நான்கு. நான் மீனைத் தொடக்கூடமாட்டேன். குதிரைப் பந்தயம் ஆறு. ஒரு விளையாட்டில் நாள் முழுக்கப் புல் வெட்டவேண்டும்.

ஒவ்வொரு பெட்டியும் வரும்போது மேலே உன் கையெழுத்து இருக்கும். அனுப்புநர் என்ற இடத்தில் உன் பெயர், ஓரத்தில் நீ வரையும் குட்டி நண்டு. அதற்காக வாங்கினேன். அட்டையிலிருந்து அந்தச் சதுரங்களையெல்லாம் வெட்டி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், கோழி கிளறியதும் உண்டு. பிரிக்காமல் அடுக்கியதற்குக் காரணம் அருமை பெருமை ஒன்றும் இல்லை, எனக்கு அவற்றை விளையாட ஆசையே இல்லை. 'எப்படி இருக்கிறாய்' என்று போனில் கேட்க எனக்கு வராது. கேட்டால் குரல் உடைந்துவிடும் என்று பயம், அதனால் 'அட்டை நசுங்கலையே' என்று கேட்டு வைத்துவிடுவேன். நான் முட்டாள். உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும் நண்டு. எழுத்தில் தருகிறேன், வைத்துக்கொள்.

அண்ணி

*

மே 13

அண்ணி,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாளாக லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி இப்போது எழுதினால் காகிதம் நனையும், பிறகு எழுதுகிறேன். புல் வெட்டுகிற விளையாட்டா அண்ணி? என் கையெழுத்துக்காகவா?

கடையிலிருந்து பதில் உங்களுக்கும் வந்திருக்கும், இருந்தாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் ஜப்பானிய மொழியை அந்த ஆபீஸில் எல்லோரும் படித்தார்களாம். இரண்டு பேரின் கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களாம். 'நீங்கள் இருவரும் நிச்சயமாக இரண்டு பேர் என்பதை மகிழ்ச்சியோடு ஏற்கிறோம்' என்று எழுதியிருக்கிறார்கள். கடைசியில் நீங்கள் போட்ட 'ஆம், இல்லை' இருக்கிறதல்லவா, அதை அப்படியே படமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். 'ஆம்' என்பதைச் சுற்றி யாரோ சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார்கள்!

ஆனால். இவர்களுக்கும் ஒரு 'ஆனால்' இருக்கிறது. ஆள் இரண்டு என்றாலும் முகவரி ஒன்றுதானே. ஒரு வாசலுக்கு ஒரு பிரதிதான், சட்டத்தை அவர்களால் வளைக்க முடியாதாம். உங்கள் ஊருக்கோ அனுப்பமாட்டார்கள். ஆகவே ஒன்றே ஒன்றை எனக்கு அனுப்புகிறார்கள், ஜூன் 18. மன்னிப்பு, மன்னிப்பு, மன்னிப்பு.

வந்ததும் உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன். பிரிக்கமாட்டேன், பிஸ்கட் டப்பாவை வேறு அறையில் வைத்துப் பூட்டுகிறேன். அது உங்களுடையது.

நண்டு

*

மே 20

நண்டு,

அனுப்பாதே.

உடையும் பொருள், திருப்பித் திருப்பி அனுப்பினால் அட்டை நசுங்கும். நானே வந்து பார்க்கிறேன். லேபில் பத்து நாள் லீவு கேட்டேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவை கேட்டதால் முதலாளி என் உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிட்டார். உன் அண்ணனுக்கு லீவு இல்லை. "அங்கயும் நான் பால்கனிலதான் இருக்கணும், நீ போயிட்டு வா" என்கிறார்.

ஜூன் 24 காலை விமானத்தில் வருகிறேன். விமான நிலையத்துக்கு வந்து நில். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ விமானம் ஏறியபோது நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன், நினைவிருக்கிறதா? இந்தத் தடவை பேசுவேன். இல்லையென்றால் பையை வாங்கிக்கொள்.

பெட்டியை மேஜைமேல் வை. பிரிக்காதே. நான்தான் பிரிப்பேன்.

இடது துடுப்பு என்னுடையது.

அண்ணி

*

ஜூலை 4

(விளையாட்டுப் பெட்டிக்குள், விளக்கப் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில் மடித்து வைத்திருந்தது)

என் நண்டு,

நீ கீழே டாக்ஸி கூப்பிடப் போயிருக்கிறாய். அதற்குள் எழுதுகிறேன். லிஃப்ட்டில் வராமல் படியில் வா, எனக்கு இரண்டு நிமிஷம் கூடுதலாகக் கிடைக்கும்.

நான் உறையைக் கிழித்தபோது நீ கண்ணை மூடிக்கொண்டாயே, என்னைவிட உனக்குத்தான் பதறியது! அந்தக் கிழிந்த பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு போகிறேன். ரேக்கில் அறுபத்து நான்காவது இடத்தில் வைப்பேன். பக்கத்தில் ஒரு மரத் துடுப்பு. இன்னொரு துடுப்பு உன் சாவிக்கொத்தில் இருக்கிறது, தொலைக்காதே.

பத்து நாளில் பதினெட்டுத் தீவு. எதிர்க் காற்றில் நீ என்னைப் பார்த்து, "இடது! இடது! தூங்குறீங்களா அண்ணி?" என்று கத்தினாய், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார், அவருக்கும் சேர்த்துக் காபி போட்டோம். பாட்டு வாத்தியாரை அழைத்து வந்து ஆரம்பப் பாட்டைப் பாடவைத்தாயே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இந்தப் பாகத்திலும் முதல் தீவில் நின்ற அந்தத் தாத்தாவுக்குக் கடிதம் கொடுத்த இடத்தில் நீ சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இன்னும் ஆறு தீவு மிச்சம் இருக்கிறது. நேற்றே முடித்திருக்கலாம். எனக்குக் கை வலிக்கிறது என்று சொன்னது பொய். படகைப் பதினெட்டாம் தீவில் கட்டி வைத்திருக்கிறேன். தனியாக அவிழ்த்தால் சுற்றும், உனக்கே தெரியும்.

டிசம்பரில் கன்ட்ரோலர், பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நீ எங்கள் வீட்டுக்கு வருகிறாய். கீழே 'ஆம்', 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். 'இல்லை'யை நானே அடித்துவிட்டேன், வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாத அளவுக்கு.

இந்தப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் துகளையும் வைத்திருக்கிறேன். நான்தான் வைத்தேன். கடைக்காரர் இல்லை.

அண்ணி

*

ஜூலை 6

அண்ணி,

ஆம்.

நண்டு

பின்குறிப்பு: துகளைச் சாப்பிட்டுவிட்டேன்.